விநாடிக்கு எத்தனை படம்?



திருச்சிராப்பள்ளி கே.கே. நகரில் எங்கள் தெருவில் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் இருக்கிறார். மாலை வேளைகளில் அவர் வீட்டுக் கூடத்தில் தெருப்பிள்ளைகள் நால்வர் ஐவர் கூடுவர். கன்சோல் எனப்படும் விளையாட்டுக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக் கார்ப் பந்தயம் ஆடுவர். ஒருநாள் அவர் வாடிய முகத்தோடு என்னிடம் வந்தார். "மாமா, வளைவில் திரும்பும்போது படம் குறுக்கே கிழிகிறது. பொத்தானை அழுத்தினால் கார் சற்றுத் தாமதித்தே திரும்புகிறது. கடையில் கேட்டேன். கருவி தளர்ந்துவிட்டது, புதியது வாங்குவதுதான் வழி என்கிறார்கள்" என்றார். அவர் தந்தையார் ஓய்வூதியத்தைக் கொண்டு குடும்பம் நடத்துபவர். புதுக் கருவியின் விலையோ மகனுடைய ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு ஏறத்தாழச் சமம்.

"தம்பி, பழுது கருவியில்தான் என்பதை எப்படி அறிந்தாய்?" என்று கேட்டேன். "கண்ணுக்குத் தெரிகிறதே, மாமா" என்றார். "அளந்து பார்த்தாயா?" என்றேன். "ஓடுகிற படத்தை எப்படி அளப்பது?" என்று அவர் திகைத்தார். அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஓர் அடிப்படையை நினைவிற் கொள்ள வேண்டும். திரையில் எதுவும் உண்மையில் ஓடுவதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வந்து மறைகின்றன. கண்ணும் மூளையும் சேர்ந்து அவற்றைத் தொடர்ச்சியான இயக்கமாகக் கொள்கின்றன. அவ்வாறு வரும் தனிப்படம் ஒவ்வொன்றையும் பிரேம் என்பர். ஒரு விநாடியில் எத்தனை புதிய பிரேம்கள் வருகின்றன என்ற கணக்கே பிரேம் வேகம்.

இந்தக் கணக்குக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1905ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் இளைஞர், படம் காட்டி வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இரயில்வே வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் அமைத்தார். தென்னாட்டில் சினிமா பரவியதற்கு அவர் பெருங்காரணம்.

அக்காலத்துக் கருவிகளில் கைப்பிடியைச் சுழற்றியே சுருளை ஓட்டினர். விநாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடும். சுழற்றுபவருடைய கை விரைந்தால் திரையில் நடப்பவர் ஓடுவார். கை தளர்ந்தால் ஓடுபவர் தவழ்வார். அதாவது, அன்று பிரேம் வேகம் ஒரு மனிதரின் கையில் இருந்தது. கூடாரத்தில் இருந்த எவரும் திரும்பிப் பார்த்தால் அந்தக் கையைக் காணலாம். பேசும் படம் வந்தபின் இந்தத் தளர்ச்சிக்கு இடமில்லாமற் போயிற்று. ஒலியும் அதே வேகத்தில் ஓட வேண்டும்; வேகம் மாறினால் பாடகரின் சுருதி மாறிவிடும். ஆதலின் விநாடிக்கு 24 படம் என்பது உலகெங்கும் நிலைபெற்றது.

சினிமாச் சுருளில் படங்கள் யாவும் முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டவை. வீடியோ ஆட்டத்தில் அவ்வாறு இல்லை. நீங்கள் காரை இடப்பக்கம் திருப்புவீர்களா, வலப்பக்கம் திருப்புவீர்களா என்பது கருவிக்கு முன்னதாகத் தெரியாது. உங்கள் விரல் அசைந்தபின், சாலை எங்கே, மரம் எங்கே, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கணக்கிட்டு ஒவ்வொரு படத்தையும் அப்போதைக்கப்போது அது வரைகிறது. விநாடிக்கு 60 படம் தர வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லி விநாடி. 30 படம் போதும் என்றால் 33.3 மில்லி விநாடி. வெறிச்சோடிய சாலையை வரைவது எளிது. இருபது கார்கள், புழுதி, மழை என்று காட்சி நெருங்கினால் வரைய நேரம் கூடுகிறது. அவகாசம் தவறுவது அங்கேதான்.

படங்களின் எண்ணிக்கை மாறினால் ஆட்டத்தின் நடையே மாறுவதும் உண்டு. 1975ஆம் ஆண்டு சுதந்திர நாளன்று சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியபோது நம் நாடு பின்பற்றிய முறை, 625 வரிகளில் விநாடிக்கு 25 முழுப்படம். ஒவ்வொன்றும் இரு பாதிகளாக வருவதால் 50 முறை திரை புதுப்பிக்கப்படும். ஜப்பானிலும் அமெரிக்காவிலுமோ விநாடிக்கு 60 முறை. பழைய ஆட்டங்கள் பல, திரை ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால் ஒரு காலடி என்று எழுதப்பட்டவை. அங்கே 60க்கென்று எழுதிய ஆட்டத்தைத் திருத்தாமல் 50 முறை புதுப்பிக்கும் பெட்டியில் ஓட்டினால், அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நகரும். ஆடுபவருக்கோ ஏன் மந்தமாயிற்று என்பது விளங்காது.

இனித் திரை கிழிவது என்றால் என்ன என்று பார்ப்போம். உறையூரில் கைத்தறியில் சேலை நெய்வதை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். சேலை முழுவதும் ஒரே கணத்தில் உருவாவதில்லை. நாடா குறுக்கே ஒருமுறை ஓடினால் ஊடை இழை ஒன்று சேரும். அவ்வாறு இழை இழையாகத்தான் துணி வளரும். தொலைக்காட்சித் திரையும் அப்படியே. இன்று பரவலாக உள்ள ஒருவகைத் திரையில் 1,080 கிடைவரிகள் உண்டு. உச்சி வரியில் தொடங்கி அடிவரி வரை, வரி வரியாகவே படம் இறங்குகிறது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் பெட்டியில் இவ்வாறு இறங்க ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி ஆகும்.

நெசவாளர் ஒரு பூவைப் பாதி நெய்திருக்கும்போது, சற்றே நகர்ந்த வேறொரு பூவின் மாதிரியை அவர் முன் வைத்துவிட்டால் என்ன ஆகும்? மேற்பாதி ஓரிடத்திலும் கீழ்ப்பாதி ஓரிடத்திலுமாகப் பூ விலகி நிற்கும். திரையிலும் இதுவே நிகழ்கிறது. பழைய படம் பாதி இறங்கியிருக்கும் வேளையில் கருவி புதிய படத்தைக் கொடுத்துவிட்டால், மேலே பழையதும் கீழே புதியதுமாக ஒரே திரையில் இரண்டு படங்கள் ஒட்டி நிற்கும். கார் விரைந்து திரும்பும்போது சாலையோர விளக்குக் கம்பங்கள் நடுவில் ஒடிந்தாற்போல் தோன்றுவது இதனால்தான். திரைக்கு எந்தச் சேதமும் இல்லை. இரண்டு கடிகாரங்கள் ஒத்துப் போகவில்லை, அவ்வளவே.

அப்படியானால், திரை முழுவதும் இறங்கி முடியும் வரை கருவியைக் காத்திருக்கச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அந்த முறையும் உண்டு. அதற்கும் ஒரு விலை உண்டு. கே.கே. நகரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்குச் சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் பிந்தி வருபவர், அடுத்த பேருந்துக்கு இன்னும் பதினான்கு நிமிடம் நின்றாக வேண்டும். அதுபோலவே 16.7 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டிய படம் 18 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், அது அடுத்த சுற்று வரை, அதாவது 33.3 மில்லி விநாடி வரை காத்திருக்க நேரும். சிறிது பிந்தியதற்கு வேகம் 60இலிருந்து 30ஆக இறங்கிவிடும். ஆகவே ஆட்டம் எழுதுவோர் சிலர், படம் வேளைக்கு முடிந்தால் காத்திருக்கச் செய்வது, பிந்தினால் கிழிந்தாலும் போகட்டும் என்று உடனே அனுப்பிவிடுவது என்ற நடுவழியைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இவற்றையெல்லாம் அளப்பது எப்படி? சொந்தக் கணிப்பொறியாக இருந்தால், எண்ணும் நிரல் ஒன்றை அதனுள்ளேயே ஓடவிடலாம். 2013இல் என்விடியா நிறுவனம் கணிப்பொறிகளுக்காக ஒரு முறையை வெளியிட்டது. வரையப்படும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வெவ்வேறு வண்ணப் பட்டை ஒன்று சேர்க்கப்படும். திரையை அப்படியே பதிவு செய்து, எந்த வண்ணம் எத்தனை வரி நின்றது என்று எண்ணிவிடலாம். கன்சோலோ பூட்டிய பெட்டி. ஆடுபவர் தம் நிரலை அதனுள் நுழைக்க வழியில்லை. வின்சென்ட்டின் கூடாரத்தில் திரும்பிப் பார்த்தால் தெரிந்த கை, இங்கே மூடிக்குள் மறைந்திருக்கிறது. ஆதலின் வெளியே வரும் படத்தைக் கொண்டே உள்ளே நடப்பதை அறிய வேண்டும்.

அதற்கான வழி மிக எளிய கருத்தை அடிப்படையாகக் கொண்டது. கருவியிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் சமிக்ஞையை, விநாடிக்கு 60 படமாகச் சுருக்காமல் பதிவு செய்வர். ஒரு படத்தில் 1,920 பெருக்கல் 1,080, ஆக 20,73,600 படப்புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் விநாடிக்குச் சுமார் 37 கோடி பைட் சேரும். இவ்வளவு சுமையையும் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சுருக்கிப் பதிந்தால் நுண்ணிய வேறுபாடுகள் மாறிப்போகும். பதிந்தபின், ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தியதோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுவர். வேறுபாடு சிறிதும் இல்லையெனில், கருவி புதிதாக எதையும் வரையவில்லை, பழையதே மீண்டும் வந்தது என்று பொருள். வேறுபட்டவற்றை மட்டும் எண்ணினால் உண்மையான பிரேம் வேகம் கிடைத்துவிடும். பதிந்த 60இல் 30 மட்டுமே புதியவை என்றால் வேகம் 30.

கிழிசலையும் இதே ஒப்பீடு காட்டிக்கொடுக்கும். முந்திய படத்தோடு வரி வரியாக ஒப்பிடும்போது, உச்சியிலிருந்து 400 வரிகள் மாறாமல் இருந்து, 401ஆம் வரியிலிருந்து எல்லாம் மாறியிருந்தால், கிழிந்த இடம் அதுவே. இங்கிலாந்தில் ரிச்சர்ட் லெட்பெட்டர் நிறுவிய டிஜிட்டல் ஃபவுண்டரி என்ற குழுவினர் கன்சோல் ஆட்டங்களை இவ்வாறு ஆராய்ந்து வரைபடத்தோடு வெளியிட்டுப் பெயர் பெற்றவர்கள். இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஆட்டத்தை நிறுத்தி வைத்தாலோ, காட்சியே அசையாமல் இருந்தாலோ, புதிதாக வரைந்த படமும் பழையதைப் போலவே இருக்கும். எண்ணும் நிரல் ஏமாறும். ஒவ்வொரு சுற்றிலும் திரை கிழிந்துகொண்டே இருந்தால் எல்லா வரிகளும் மாறிவிடும். அப்போது மனிதக் கண் உதவிக்கு வர வேண்டும். அளவுகோலின் குறையை அறிந்து அளப்பவரே நன்றாக அளப்பவர்.

இன்னொரு பொறியும் உண்டு; தேர்வு மதிப்பெண்களின் சராசரியைப் பார்க்கப் பழகிய மாணவர்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரு விநாடியில் 30 படம் வந்தது என்ற கூட்டுத்தொகை மட்டும் போதாது. ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு படமும் 33.3 மில்லி விநாடி நிற்கிறது. மற்றோர் ஆட்டத்தில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி, அடுத்தது 50, அதற்கடுத்தது மீண்டும் 16.7, மீண்டும் 50 என்று நிற்கிறது. இரண்டிலும் சராசரி 30தான். முன்னது சீராக நடக்கும், பின்னது நொண்டும். மிருதங்கக்காரர் ஓர் ஆவர்த்தத்தில் சொற்களின் எண்ணிக்கையைச் சரியாகக் கொண்டுவந்து முடித்தாலும், இடையில் காலப்பிரமாணம் ஓடியும் பின்தங்கியும் சென்றால் கச்சேரி நிற்குமா? எனவே தேர்ந்தவர்கள் மொத்தத்தோடு நில்லாமல், படத்துக்குப் படம் உள்ள இடைவெளி ஒவ்வொன்றையும் குறிக்கின்றனர்.

இனி எங்கள் தெருத் தம்பியிடம் திரும்புவோம். பதிவு செய்யும் பெருங்கருவி எங்களிடம் இல்லை. அவருடைய கைப்பேசியில், விநாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருந்தது. 240ஐ 60ஆல் வகுத்தால் 4. ஆகவே தொலைக்காட்சியின் ஒரு சுற்றுக்குக் கைப்பேசியில் 4 படங்கள் விழும். கைப்பேசியைப் புத்தகங்களுக்கிடையே அசையாமல் நிறுத்தி ஆட்டத்தைப் படம் பிடித்தோம். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி, ஒரு புதிய காட்சி இறங்கத் தொடங்கியது முதல் அடுத்தது இறங்கத் தொடங்கும் வரை எத்தனை என்று எண்ணித் தாளில் குறித்தோம்.

திறந்த சாலையில் 8, 8, 8 என்று சீராக வந்தது. அதாவது அந்த ஆட்டம் விநாடிக்கு 30 படம் தருவது. கார்கள் நெருங்கும் வளைவில் 9, 10 என்று ஏறியது; அப்போதெல்லாம் புதிய காட்சி உச்சியிலிருந்து இறங்காமல் திரையின் நடுவிலிருந்து தொடங்கிற்று. தம்பி கண்ட கிழிசல் அதுவே. அடுத்து, அதே கருவியில் வேறோர் ஆட்டத்தை ஏற்றினோம். 4, 4, 4 என்று வந்தது, கிழிசல் இல்லை. பிறகு அண்டை வீட்டில் இருந்த அதே வகைக் கருவியில் முதல் ஆட்டத்தை ஓட்டினோம். அதே வளைவில், அதேபோலக் கிழிந்தது. தம்பியின் கருவியில் தளர்ச்சி ஏதும் இல்லை என்பதும், கிழிவது அந்த ஆட்டம் எழுதப்பட்ட விதத்தால் என்பதும் தெளிவாயின.

எஞ்சியது தாமதம். பொத்தானை அழுத்தும் கட்டைவிரலும் திரையும் ஒருங்கே தெரியுமாறு படம் பிடித்தோம். விரல் அழுந்தியது முதல் காரின் சக்கரம் திரும்பும் வரை எண்ணினோம். ஒருமுறை எண்ணியதை நம்பாமல் பத்து முறை எண்ணி நடுவில் நின்ற அளவை எடுத்துக்கொண்டோம். 48 வந்தது. ஒரு படத்துக்கு ஏறத்தாழ 4.2 மில்லி விநாடி. ஆக 200 மில்லி விநாடி, விநாடியில் ஐந்திலொரு பங்கு. தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்புகளைப் பார்த்தபோது, படத்தை மெருகிடும் வேலைகள் பலவற்றை அது தானே செய்துகொண்டிருந்தது தெரிந்தது. அந்த வேலைகளைத் தவிர்ப்பதற்கென்றே கேம் மோட் என்ற அமைப்பு அதில் இருந்தது. எவரும் அதைத் தொட்டதில்லை. அதைத் திறந்துவிட்டு மீண்டும் பத்து முறை எண்ணினோம். 48 இருந்த இடத்தில் 29 வந்தது. சுமார் 120 மில்லி விநாடி. செலவு ஒரு காசும் இல்லை.

அன்று இரவு அந்தத் தாளை அவர் தம் தந்தையாரிடம் காட்டினார். புதுக் கருவி பற்றிய பேச்சு அத்தோடு நின்றது. கிழிசல் மட்டும் அந்த ஆட்டத்தில் இன்னும் இருக்கிறது. அதைத் தீர்க்கும் வேறு வழிகளையும் அறிவியல் கண்டுவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மாறும் புதுப்பிப்பு வேகம் என்ற முறையில், திரை தன் கடிகாரத்தை விட்டுக்கொடுத்து, கருவி படத்தை முடிக்கும் வரை காத்திருக்கிறது. பேருந்து பயணிக்காக நிற்பதுபோல என்று கொள்ளலாம். 2013இல் கணிப்பொறித் திரைகளுக்கு வந்த இந்தக் கருத்து, 2018இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளுக்கும், 2022இல் பிளேஸ்டேஷன் 5 கருவிக்கும் வந்தது. ஆயின் கருவி, தொலைக்காட்சி இரண்டுமே அதற்கு இசைந்தவையாக இருத்தல் வேண்டும். ஆகையால் ஒன்றை மட்டும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும், எது எதனோடு ஒத்துப்போகவில்லை என்பதை முதலில் கேளுங்கள்.

நண்பர்களே, பெட்டியின் மேல் 60 என்றோ 120 என்றோ அச்சிட்டிருக்கலாம். அந்த எண், திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படும் என்பதைச் சொல்கிறது. உங்கள் ஆட்டம் எத்தனை புதிய படங்களைத் தருகிறது என்பதைச் சொல்வதில்லை. அதை நீங்கள்தான் எண்ண வேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு கைப்பேசி, ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு மாலைப்பொழுது. உங்கள் வீட்டில் ஆட்டம் தடுமாறினால், கருவியையோ உங்கள் கையையோ குறை கூறுமுன் இவ்வாறு எண்ணிப் பாருங்கள். பத்து முறை எண்ணுங்கள். பொருளை மாற்றி எண்ணுங்கள். எண்ணியதை மறைக்காமல் எழுதி வையுங்கள். எங்கள் தெருத் தம்பி அந்தத் தாளைத் தம் இயற்பியல் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். அடுத்த வாரம் அண்டை வீட்டுத் தொலைக்காட்சியையும் அளக்கப் போகிறாராம்.